செங்கோட்டைச் சவரக்கத்தி மார்த்தாண்ட வர்மா காலத்தது அல்ல

செங்கோட்டைப் பழைய வீட்டில் கிடைத்த மடக்குச் சவரக்கத்தி திருவிதாங்கூர் அரசர் மார்த்தாண்ட வர்மா காலத்தது என்று ஒருவர் படத்தோடு எழுதியிருக்கிறார். செங்கோட்டை முன்பு திருவிதாங்கூரில் இருந்தது, சரி. ஆனால் அந்த அரசர் ஆண்டது 1729 முதல் 1758 வரை. படத்தைப் பெரிதாக்கி, அலகு பிடியோடு சேரும் கழுத்தைப் பாருங்கள்: கத்திக்குப் பேர்போன ஜெர்மன் ஊரான ‘சோலிங்கன்’ பெயர், கீழே ‘மேட் இன் ஜெர்மனி’. ஜெர்மனி ஒரே நாடானதே 1871ல்தான். பிற நாட்டுச் சரக்கு, கத்திக்குப் பேர்போன இங்கிலாந்து ஊரான ஷெஃபீல்டு பெயரில் விற்கிறது என்று புகார் வந்து, அப்படிப்பட்ட சரக்கில் செய்த நாட்டின் பெயர் வேண்டும் என்று பிரிட்டன் 1887ல் சட்டம் போட்டது. இந்த முத்திரை பரவியது அதற்குப் பிறகுதான்.

அப்புறம், பிடி தந்தம் என்கிறார். தந்தத்தின் வெட்டுமுகத்தில் வலைபோல ரேகைகள் குறுக்கே ஓடும். இதில் ஒரே சீராக நேர்க்கோடுகள். தந்தம்போலச் செய்த செல்லுலாய்டாக, அதாவது பழைய வகை பிளாஸ்டிக்காகத்தான் தெரிகிறது. அந்தப் பொருளே 1870 வாக்கில்தான் சந்தைக்கு வந்தது.

என் தாத்தா செங்கோட்டையில் சவரக்கடை வைத்திருந்தவர். தோல்வாரில் அவர் தீட்டிய கத்தியிலும் இதே ஊர் முத்திரைதான். தயவுசெய்து அரசர் பெயரைச் சொல்லி விலை ஏற்றாதீர்கள். துருவைத் தேய்க்கிறேன் என்று அந்த எழுத்துகளையும் அழித்துவிடாதீர்கள்.