பட்டாவும் கோடரியும்

அமெரிக்காவின் வெர்மான்டுக்கு முதல் ஆளுநராக இருந்த தாமஸ் சிட்டன்டனைப் பற்றி எழுதுகிறவர்கள், ஒற்றைக் கண்ணர், அதிகம் படிக்காதவர், ஆளுநரான பிறகும் பண்ணை வேலையை விடாதவர் என்ற வர்ணனையிலேயே சொக்கிப்போய் நின்றுவிடுகிறார்கள். அந்த எளிமைக் கதையில் எனக்குப் பெரிய ஈடுபாடு இல்லை. நிலம் யாருக்கு உரியது என்ற கேள்விக்கு அவர் துணைநின்ற விடைதான், இன்றும் அவரைப் பற்றிப் பேச வைக்கிறது.

கனெக்டிகட்டில் 1730-இல் பிறந்து, அங்கே சட்டமன்றத்திலும் இருந்த அந்த விவசாயி, 1774-இல் குடும்பத்தோடு வடக்கே வில்லிஸ்டனுக்குக் காடு திருத்தப் போனார். பின்னர் வெர்மான்ட் ஆன அந்த வட்டாரத்துக்கு நியூ ஹாம்ப்ஷயர் ஆளுநரும் பட்டா கொடுத்திருந்தார், நியூயார்க்கும் கொடுத்திருந்தது. இந்தச் சண்டைக்கு நடுவில்தான் 1777-இல் வெர்மான்ட் தன்னைத் தனி நாடாக அறிவித்துக்கொண்டது. அடுத்த ஆண்டே சிட்டன்டன் அதன் முதல் ஆளுநரானார்.

காடு திருத்துவது லேசான காரியம் அல்ல. மரத்தை வெட்டி எரித்து, சாம்பலைக் கரைத்துக் காய்ச்சிப் பொட்டாஷ் என்ற சாம்பல் உப்பாக விற்று, பிடுங்க முடியாத அடிக்கட்டைகளுக்கு இடையிலேயே சோளம் ஊன்றிப் பல ஆண்டுகள் பாடுபட்ட ஒருவரிடம், முன்பின் அந்த மண்ணை மிதிக்காத வேறொருவர் பழைய பத்திரத்தை நீட்டினால், நீதிமன்றம் பத்திரத்தின் பக்கம்தான் சாயும். 1780-களில் வெர்மான்ட் இயற்றிய மேம்பாட்டுச் சட்டங்கள், பத்திரத்தைச் செல்லாததாக்காமல், நிலத்தைப் பண்படுத்தியவருக்கு அந்த உழைப்பின் மதிப்பைக் கொடுத்த பிறகே அவரை வெளியேற்ற முடியும் என்றன. படித்த வழக்கறிஞர்கள் சிலர் முகம் சுளித்த இந்த ஏற்பாட்டை, கோடரி பிடித்துக் காய்த்த கை ஆதரித்ததில் வியப்பில்லை.

ஆனாலும் அவரைக் கோயில் கட்டிக் கும்பிட நான் தயாராக இல்லை. அவரும் ஏராளமான நிலம் சேர்த்தவர்தான். அரசு தனக்குத் தரவேண்டிய பாக்கி இருப்பதாகச் சொன்ன நண்பர் ஐரா ஆலனுக்கு, சட்டமன்றத்தின் ஒப்புதல் இல்லாமலேயே வுட்பிரிட்ஜ் என்ற ஊரின் நிலத்தை முத்திரையிட்டுக் கொடுத்தார். பத்திரத்தைவிட உழைப்பைப் பெரிதாக எண்ணிய அதே மனிதர், நண்பருக்காக ஒரு பத்திரத்தைக் கமுக்கமாக எழுதினார் என்பதை எந்தப் பெருந்தன்மையாலும் மழுப்ப முடியாது.

வாக்காளர்களும் மழுப்பவில்லை. 1789 தேர்தலில் அவருக்குப் பெரும்பான்மை கிடைக்காததால், சட்டமன்றம் மோசஸ் ராபின்சனை ஆளுநராக்கியது. மறு ஆண்டே மக்கள் சிட்டன்டனைத் திரும்ப அழைத்துக்கொண்டார்கள். 1791-இல் வெர்மான்ட் 14-ஆவது மாநிலமாக அமெரிக்க ஒன்றியத்தில் சேர்ந்தபோதும், 1797-இல் வில்லிஸ்டனில் கண்மூடியபோதும் அவரே ஆளுநர்.