புண்ணியம் அவருக்கு, எச்சம் எனக்கு

எங்கள் பால்கனியில் துணி காயப்போட்டு எட்டு மாதம் ஆகிறது. ஏசி அவுட்டோர் யூனிட்டுக்குப் பின்னால் ஒரு புறா ஜோடி குடியேறிவிட்டது. கூடு என்றதும் தூக்கணாங்குருவிக் கூட்டை நினைத்துவிடாதீர்கள். நாலு ஈர்க்குச்சி, ஒரு கம்பித் துண்டு, அவ்வளவுதான் கட்டுமானம். அதில் இரண்டு முட்டை. அடைகாக்க ஏறக்குறைய 18 நாள், குஞ்சு பறக்க இன்னொரு மாதம். தொடக்கூடாது என்று அம்மாவின் உத்தரவு. சரி என்று காத்திருந்து, குஞ்சு பறந்ததும் கழுவிவிடப் போனால், அங்கே அடுத்த இரண்டு முட்டை!

மூன்றாவது மாடி மாமா தினமும் மொட்டை மாடியில் கம்பு கொட்டுகிறார். கேட்டால் "வாயில்லா ஜீவன் தம்பி" என்பார். புறாவைச் சொல்லியும் குற்றமில்லை. மாடப்புறா பாறை இடுக்கில் கூடு வைத்த பறவை; நம் சன்ஷேடும் அதற்குப் பாறைதான். ஆனால் காய்ந்த எச்சத்தூளைத் தொடர்ந்து சுவாசித்தால் சிலருக்கு நுரையீரல் அழற்சி வரும். மும்பையில் 2025இல் மாநகராட்சி, புறாக்களுக்குத் தீனி போடும் இடங்களை மூடப்போய், தாதரில் பெரிய ரகளையே நடந்தது.

வலை அடிக்க ஆள் கூப்பிட்டேன். எட்டிப் பார்த்தவர், "முட்டை இருக்கே சார், குஞ்சு பறந்ததும் கூப்பிடுங்க" என்று கிளம்பிவிட்டார். அவரைத் திட்டவும் மனசு வரவில்லை. அமாவாசைதோறும் ஜன்னலில் சோறு வைத்து "கா கா" என்று கெஞ்சுகிறவன்தானே நானும். போன அமாவாசைக்கு அந்தச் சோற்றையும் புறாதான் தின்றது.