உகுலேலேவுக்குக் கீழே ஒரு குரல்

ஒரு ராக் குழுவின் முதன்மைப் பாடகர், குழுவை விட்டு விலகாமலேயே, மின்னிணைப்பு இல்லாத அக்கூஸ்டிக் கருவி ஒன்றுடன் தனியாக மெல்லிய ஆல்பம் வெளியிட்டால், "இதில்தான் அவருடைய உண்மையான முகம் தெரிகிறது" என்று எழுதுவது வழக்கமாகிவிட்டது. இந்தப் பாராட்டில் எனக்கு உடன்பாடில்லை. சத்தம் குறைந்தால் உண்மை கூடிவிடும் என்றால், பெருங்கூட்டத்தின் முன்னால் தொண்டை கிழியப் பாடியதெல்லாம் வேஷமா? துணைக்கருவிகள் மாறியபோது பாடும் முறையும் மாறியிருக்கிறதா, அல்லது பழைய பாட்டையே சத்தத்தைக் குறைத்துக் கொடுத்திருக்கிறார்களா என்பதைத்தான் இத்தகைய ஆல்பங்களில் கவனிக்க வேண்டும் என்று நினைக்கிறேன்.

அமெரிக்க ராக் குழுவான பேர்ல் ஜாமின் முதன்மைப் பாடகர் எடி வெட்டர் 2011 மே மாத இறுதியில் வெளியிட்ட 'உகுலேலே சாங்ஸ்' இந்தச் சோதனையில் தேறுகிறது. 16 பாடல்கள், எல்லாம் சேர்ந்து சுமார் 35 நிமிடங்கள்தான். இது திடீர் ஆசையில் பிறந்ததும் அன்று. 2000-இல் வந்த பேர்ல் ஜாமின் 'பைனரல்' ஆல்பத்திலேயே 'சூன் ஃபர்கெட்' என்ற சிறு பாடலை அவர் உகுலேலேயுடன்தான் பாடியிருந்தார்.

கருவியின் குணத்தை அறிந்தால் இந்த ஆல்பத்தின் நுட்பம் விளங்கும். கிதாரின் சிறிய வடிவம் போன்ற உகுலேலேவுக்கு நான்கு நைலான் தந்திகள்தான். மீட்டிய ஸ்வரம் நீடிப்பதில்லை, பிறந்த வேகத்திலேயே அடங்கிவிடுகிறது. ஆகவே கார்வை, அதாவது ஸ்வரத்தை நீட்டி நிறுத்துவது, முழுவதையும் பாடுகிறவர்தான் கொடுத்தாக வேண்டும். அதைவிட முக்கியமானது, வழக்கமான முறையில் சுருதி சேர்த்த உகுலேலேயின் மிகத் தாழ்ந்த ஸ்வரம் பியானோவின் நடுப்பகுதியில் இருக்கும் 'சி' ஸ்வரம்தான் என்பது. வெட்டருடையதோ பாரிட்டோன் எனப்படும் கனத்த, தாழ்ந்த ஆண்குரல். அதன் பெரும்பகுதி அந்த ஸ்வரத்துக்குக் கீழேதான் உலவுகிறது. பேர்ல் ஜாமில் ஜெஃப் அமெண்டின் பேஸ் கிதார் தாழ்ந்த ஸ்வரங்களோடு அடியில் நிற்க, ஸ்டோன் கோசார்டும் மைக் மெக்ரெடியும் கிதார்களால் சுவர் எழுப்ப, அவற்றின் நடுவே இடம்பிடிக்கப் போராடும் குரல் அது. இங்கே அப்படிப் போராட வேண்டியதில்லை. கருவி மேலே இருக்கிறது, குரல் கீழே இருக்கிறது. பேஸ் கிதார் செய்யும் வேலையைக் குரலே ஏற்றுக்கொள்கிறது.

முதல் பாடலான 'கான்ட் கீப்' இதற்கு நல்ல சான்று. 2002-இல் வந்த பேர்ல் ஜாமின் 'ரயட் ஆக்ட்' ஆல்பத்தையும் இதே பாடல்தான் தொடங்கி வைத்தது. அந்த வடிவத்தில் டிரம்ஸும் கிதார்களும் அலையலையாக எழும்ப, குரல் அவற்றின் மேல் மிதந்து செல்கிறது. உகுலேலே வடிவத்தில் மீட்டல் வேகமாகவும் சற்று முரட்டுத்தனமாகவும் இருக்கிறது. மிதப்பதற்கு அடியில் எதுவும் இல்லாததால், வரிகளின் இறுதிச் சொற்களைக் குரல் தானே தாங்கிப் பிடிக்கிறது. மெல்லிய ஆல்பம் என்று நம்பி வருகிறவரை வரவேற்கும் முதல் பாட்டே அவ்வளவு மெல்லியதாக இல்லை என்பதும் எனக்குப் பிடித்திருக்கிறது.

'லாங்கிங் டு பிலாங்' பாடலில், வயலினைவிடப் பெரியதும் தாழ்ந்து ஒலிப்பதுமான செல்லோ ஒன்று சேர்கிறது. ஆல்பத்தில் அரிதாகவே வரும் துணைக்கருவி அது. அடித்தளத்தைச் செல்லோ வாங்கிக்கொண்டதும், குரல் அந்தப் பொறுப்பிலிருந்து விடுபட்டு, கனத்தைக் குறைத்துக்கொண்டு, ஏறக்குறைய முணுமுணுப்பாகிவிடுகிறது. பாடுகிறவர் சுற்றியிருக்கும் ஒலியைக் காதுகொடுத்துக் கேட்டுத்தான் பாடியிருக்கிறார் என்பதற்கு வேறு சாட்சி தேவையில்லை.

குறைகளும் இல்லாமலில்லை. பிரிவு, ஏக்கம், உறக்கமற்ற இரவு என்று ஒரே வட்டத்துக்குள் வரிகள் சுற்றுவதால், நடுப்பகுதியில் ஒரு பாட்டு முடிந்து அடுத்தது தொடங்கியதுகூடத் தெரிவதில்லை. மீட்டத் தொடங்கி, தவறவிட்டு, ஒரு வசவோடு நிறுத்திவிடும் சில நொடித் துண்டு ஒன்றையும் தனிப்பாட்டாகச் சேர்த்திருக்கிறார்கள். முதல் முறை சிரிப்பு வருகிறது, பிறகு தாண்டிப் போகத்தான் கை நீள்கிறது. அத்துண்டையும், சொந்தப் பாடல்களில் மூன்று நான்கையும் நீக்கியிருந்தால் ஆல்பம் இன்னும் இறுக்கமாக இருந்திருக்கும்.

ஆனால் பிறருடைய பழைய பாடல்களை மறுபடி பாடியிருக்கும் பகுதிகளில் கை வைக்க மாட்டேன். பலர் அவற்றை இடநிரப்பி என்று ஒதுக்குகிறார்கள். அமெரிக்க இரட்டையர் எவர்லி சகோதரர்கள் பாடிய 'ஸ்லீப்லெஸ் நைட்ஸ்' பாடலில் அயர்லாந்துப் பாடகர் கிளென் ஹான்சார்ட் உடன் சேரும்போது, இரண்டாவது குரல் எங்கே நிற்பது என்ற கேள்வி எழுகிறது. ஹான்சார்ட் மேலே போய் நின்றுகொள்ள, வெட்டர் தன் இடத்தை விட்டு நகரவே இல்லை. 'டுநைட் யூ பிலாங் டு மீ' பாடலில் கேட் பவர் என்ற பாடகி வரும்போதும் இதே ஏற்பாடுதான். முதன்மைப் பாடகர் என்றாலே உச்சத்தைத் தனக்கென்று வைத்துக்கொள்பவர் என்று பழகிப்போன நமக்கு, உச்சத்தை விருந்தினர்களுக்கு விட்டுக்கொடுத்துவிட்டு அடியில் நின்று பாடும் இந்த ஏற்பாடுதான் ஆல்பத்தின் மிகத் துணிச்சலான முடிவாக எனக்குப் படுகிறது.