இரண்டு எதிர்மறை சேர்ந்தால் ஊருக்கே சொன்னதாகிவிடுமா?

அந்த ஆங்கிலப் பயிற்சி வகுப்புக் காணொளியை எல்லோரும் பார்த்துவிட்டீர்கள் என்பதால் அதை மறுபடி விவரிக்கப் போவதில்லை. "ஐ டிட்ன்ட் டெல் நோபடி" என்று, யாருக்கும் சொல்லவில்லை என்ற பொருளில், ஓர் இளைஞர் சொன்னதும், "இரண்டு எதிர்மறை சேர்ந்தால் நேர்மறை, அப்படியானால் நீ ஊருக்கே சொல்லிவிட்டாய்" என்று பயிற்சியாளர் அவரை மடக்கியதும், அறை முழுவதும் விழுந்து விழுந்து சிரித்ததும்தான் விஷயம். பகிர்ந்தவர்களும் சிரித்திருக்கிறார்கள். அவர்களில் என் நட்பு வட்டத்தினர் சிலரும் இருப்பதால்தான் இவ்வளவு நீளமாக எழுத வேண்டியிருக்கிறது.

முதலில் அந்தக் கணக்கையே பார்த்துவிடுவோம். "யாருக்கும் சொல்லவில்லை" என்பதை மறுத்தால் "எல்லோருக்கும் சொன்னேன்" என்று வராது. "யாரோ ஒருவருக்காவது சொன்னேன்" என்றுதான் வரும். தர்க்கத்தைக் கையில் பிடித்துக்கொண்டு ஒருவரைக் கேலி செய்தவர், அந்தத் தர்க்கத்தின் முதல் படியிலேயே சறுக்கியிருக்கிறார். அத்தனை பேர் அமர்ந்திருந்த அறையில் ஒருவர்கூட அதைக் கவனிக்கவில்லை. சிரிப்பதில் மும்முரமாக இருந்திருப்பார்கள்.

அந்த இளைஞர் சொன்னது இன்றைய எழுத்து ஆங்கிலத்தில் ஏற்றுக்கொள்ளப்படாத வாக்கியம் என்பதை நான் மறுக்கவில்லை. ஆனால் அது ஏன் ஏற்றுக்கொள்ளப்படுவதில்லை என்பதற்குக் காரணம் மொழி வழக்கு; கணக்கு அல்ல, அறிவுக்குறைவு நிச்சயமாக அல்ல. இதை எத்தனை முறை வேண்டுமானாலும் சொல்வேன்.

தமிழில் எதிர்மறை வினையில் குடியிருக்கிறது. யாரும், எதுவும், எங்கும் என்ற சொற்களில் மறுப்பு எதுவும் இல்லை. "வரவில்லை" என்று வினை வந்து சேரும்போதுதான் வாக்கியம் மறுப்பாகிறது. ஆங்கிலத்திலோ எதிர்மறை வினையை விட்டுக் கிளம்பிப் பிரதிப்பெயருக்குள் புகுந்து நோபடி, நத்திங், நன் என்றும், வினையுரிச்சொல்லுக்குள் புகுந்து நெவர், நோவேர் என்றும், இணைப்புச்சொல்லுக்குள் புகுந்து நைதர், நார் என்றும் உருவெடுக்கும். எழுத்து ஆங்கிலம் இதற்கு விதிக்கும் நிபந்தனை ஒன்றுதான்: ஒரு வாக்கியக் கூறில் மறுப்பு ஓரிடத்தில் வந்துவிட்டால் போதும், அதற்குப் பின் வருபவை எனிபடி, எனிதிங், எவர் என்ற வரிசையில் வர வேண்டும். "நோபடி டோல்ட் எனிபடி எனிதிங்" என்ற வாக்கியத்தில் முதலில் நிற்கும் ஒரே ஒரு மறுப்பு, பின்னால் வரும் இரண்டு சொற்களையும் சேர்த்து ஆள்கிறது. அந்த மறுப்பு முன்னால் வந்தாக வேண்டும் என்பதால்தான் "எனிபடி டிட்ன்ட் கம்" என்பது நிற்காமல் விழுந்து, "நோபடி கேம்" என்பது நிற்கிறது. "யாரும் வரவில்லை" என்று நினைத்துப் பழகிய மனத்துக்கு முந்தையதுதான் இயல்பாக வரும். அதில் வெட்கப்பட ஒன்றுமில்லை.

ஏறத்தாழ இல்லை, அரிதாகவே என்ற பொருள் தரும் ஹார்ட்லி, ஸ்கேர்ஸ்லி, செல்டம் போன்றவை இன்னும் நுட்பமானவை. பார்வைக்கு மறுப்பே தெரியாது. ஆனால் வாக்கியத்துக்குள் முழு எதிர்மறையாக நடந்துகொள்ளும். "ஹீ ஹார்ட்லி ஸ்பீக்ஸ்" என்று சொன்ன பிறகு, வாக்கியத்தின் கடைசியில் ஒட்டி வரும் வால்கேள்வி "டஸ் ஹீ?" என்றுதான் வரும், "டஸின்ட் ஹீ?" என்று வராது. எவ்வளவு அழகான இடம் இது! இதையெல்லாம் சொல்லிக்கொடுக்கத்தானே வகுப்பு?

இனி அந்தப் புகழ்பெற்ற "இரண்டு எதிர்மறை நேர்மறை" விதிக்கு வருவோம். 14ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில் எழுதிய ஆங்கிலக் கவிஞர் சாசர், தன் 'கேன்டர்பரி கதைகள்' நூலில் வரும் போர்வீரரை அறிமுகப்படுத்தும்போது, அவர் தம் வாழ்நாளில் எவரிடமும் ஓர் இழிசொல்லும் பேசியதில்லை என்பதை இரண்டே அடிகளில் நான்கு எதிர்மறைச் சொற்களைக் கொண்டு சொல்கிறார். பயிற்சியாளரின் கணக்குப்படி நான்கு இரட்டைப்படை. எனவே அந்த வீரர் வாயைத் திறந்தாலே வசைதான் என்று ஆகிவிடும். அப்படிப் படித்தவர் எவரும் இல்லை. மறுப்பு அடுக்கப்பட்டால் அழுத்தம் கூடியது, அவ்வளவுதான். பிறகு எழுத்து வழக்கு மெல்ல மாறி, ஒற்றை மறுப்பு நிலைபெற்ற காலத்தில், இராபர்ட் லௌத் என்ற மதகுரு 1760களில் தம் இலக்கண நூலில் இரண்டு எதிர்மறைகள் ஒன்றையொன்று அழித்துவிடும் என்று எழுதிவைத்தார். அவருக்கு முன்பும் சிலர் அதைச் சொல்லியிருந்தார்கள். ஆக, ஏற்கெனவே மாறிக்கொண்டிருந்த ஒரு வழக்குக்குப் பின்னாளில் கணக்குச் சட்டை மாட்டிவிடப்பட்டது. ஸ்பானியத்திலும் ரஷ்யத்திலும் "நான் யாரையும் பார்க்கவில்லை" என்பதை இரண்டு எதிர்மறை போட்டுத்தான் இன்றும் சொல்கிறார்கள். அவர்களுக்கெல்லாம் கணக்கு வராது போலிருக்கிறது.

"சாசர் காலம் முடிந்துவிட்டது, இன்றைய வழக்கைப் பேசுங்கள்" என்று சிலர் சொல்லக்கூடும். நியாயமான பேச்சு. இன்றைய வழக்கிலும் இரண்டு எதிர்மறை நேர்மறையாகும் இடம் உண்டு. தமிழில் "எனக்குத் தெரியாமல் இல்லை" என்கிறோமே, அதுபோல ஆங்கிலத்தில் "நாட் அன்காமன்" என்பார்கள். "ஐ டிட்ன்ட் சே நத்திங்" என்பதில் கடைசிச் சொல்லை அழுத்திச் சொன்னால் "ஏதோ சொன்னேன்தான்" என்ற பொருளும் வரும். குரலும் சூழலும் அதைத் தீர்மானிக்கின்றன. அந்த இளைஞரின் குரலில் அப்படியோர் அழுத்தம் இருந்ததா? காணொளியை மறுபடி கேளுங்கள். அவர் என்ன சொல்ல வந்தார் என்பது அங்கிருந்த அத்தனை பேருக்கும், பயிற்சியாளருக்கும், உங்களுக்கும் புரிந்தது. புரிந்துகொண்டே புரியாததுபோல் நடித்ததைத்தான் நகைச்சுவை என்கிறீர்கள்.

"அப்படியானால் யார் எப்படி வேண்டுமானாலும் பேசலாமா?" என்று கேட்பவர்களும் வருவார்கள். நான் அப்படி எங்கே சொன்னேன்? தேர்வில், விண்ணப்பத்தில், ஒப்பந்தத்தில் ஏற்றுக்கொள்ளப்பட்ட வழக்கைத்தான் எழுத வேண்டும். அதைச் சொல்லித்தரத்தான் வேண்டும். சிரிப்பு சொல்லித்தருவதில் சேராது என்கிறேன். "சும்மா ஒரு ஜோக்குக்காக" என்பவர்களுக்குப் பதில் சொல்ல எனக்கு விருப்பமில்லை.

விருப்பமில்லாததற்குக் காரணம் இருக்கிறது. முன்பு என்னுடன் பணியாற்றிய ஓர் அக்கா, "ஆல் த ஃபைல்ஸ் ஹாவ் நாட் பீன் ரிசீவ்ட்" என்று மேலாளருக்கு மின்னஞ்சல் அனுப்பினார். ஒரு கோப்புகூட வரவில்லை என்பது அவர் சொல்ல வந்தது. சில வந்துவிட்டன, மிச்சம்தான் பாக்கி என்று மேலாளர் புரிந்துகொண்டு சும்மா இருந்துவிட்டார். "எல்லாக் கோப்புகளும் வரவில்லை" என்ற தமிழ் வாக்கியத்துக்கும் இதே இரண்டு பொருள் உண்டு. மின்னுவதெல்லாம் பொன்னல்ல என்ற பழமொழியைக்கூட ஆங்கிலேயர்கள் இப்படி "ஆல்" முன்னால் வர, "நாட்" பின்னால் வரத்தான் சொல்கிறார்கள். அதைக் கேட்டு எவரும் சிரிப்பதில்லை. தவறு தெரிந்ததும் மேலாளர் அந்த மின்னஞ்சலைக் கூட்டத்தில் உரக்கப் படித்துக்காட்டினார். அக்கா என்னிடம் கேட்டு, "நன் ஆஃப் த ஃபைல்ஸ் ஹாவ் பீன் ரிசீவ்ட்" என்று திருத்தி அனுப்பினார். உடனே, "நன்" என்பது ஒருமை, "ஹாஸ்" என்றுதான் வர வேண்டும் என்று பதில் வந்தது. இரண்டுமே நெடுங்காலமாக நல்ல ஆங்கிலத்தில் வழங்கி வருபவை என்று நான் சொன்னதை யாரும் காதில் வாங்கவில்லை. அதற்குப் பிறகு அக்கா ஆங்கிலத்தில் எழுதுவதையே விட்டுவிட்டார். அந்தப் பிரிவின் வேலை முழுவதும் அவர் விரல்நுனியில் இருந்தது, ஆனால் ஒவ்வொரு கடிதத்துக்கும் என் மேசைக்கு வந்து, தாழ்ந்த குரலில், "இதைக் கொஞ்சம் எழுதித் தருகிறாயா?" என்று கேட்பார். அவருக்கு எதிர்மறை வாக்கியத்தில் இருந்த சிக்கல் அரை மணி நேரத்தில் தீரக்கூடியது. அந்தச் சிரிப்பு உண்டாக்கிய சிக்கலுக்கு எந்த இலக்கண நூலில் விடை இருக்கிறது? இதைத்தான் நீங்கள் "ஜோக்" என்கிறீர்கள்.

கண்டனங்கள் வந்த பிறகு பயிற்சியாளர் வெளியிட்ட விளக்கத்தையும் படித்தேன். "நைதர் ஐ இன்சல்டட் ஹிம் நார் ஐ லாஃப்ட் அட் ஹிம்" என்று எழுதியிருக்கிறார். நைதர், நார் ஆகிய இணைப்புச்சொற்கள் வாக்கியக் கூறின் தலைப்பில் வந்து நின்றால், துணைவினை எழுவாய்க்கு முன்னால் வந்தாக வேண்டும்: "நைதர் டிட் ஐ இன்சல்ட் ஹிம், நார் டிட் ஐ லாஃப் அட் ஹிம்." நெவர், செல்டம், நோ சூனர் ஆகியவை முன்னால் வந்தாலும் இதே விதிதான். இதற்காக நான் சிரிக்கப் போவதில்லை. அவர் சொல்ல வந்தது எனக்கு முதல் வாசிப்பிலேயே விளங்கிவிட்டது. இந்தப் பாடத்தை அவர் எப்போதாவது ஒழுங்காக நடத்துவதென்றால் சொல்லுங்கள், முதல் ஆளாகப் பணம் கட்டிச் சேர்ந்துகொள்கிறேன்.