ஆயில் சீலை மட்டும் மாற்றிவிட்டு அனுப்பாதீர்கள்

பின்சக்கரத்தால் ஓடும் பழைய கார் வைத்திருப்பவர்களுக்கு இது பழகிய காட்சி. கியர்பாக்ஸின் வால்பக்கம், பின்சக்கரங்களுக்குச் சுழற்சியைக் கொண்டுபோகும் ப்ரொப்பல்லர் ஷாஃப்ட் உள்ளே நுழையும் இடத்தில் ஆயில் கசிகிறது. ஒர்க்‌ஷாப்பில் காட்டினால் உடனே பதில் வரும்: "சீல் போயிடுச்சு, மாத்திடலாம்." ஷாஃப்ட்டைச் சுற்றி ஆயிலை உள்ளேயே நிறுத்தும் அந்த ரப்பர் வளையத்தை மாற்றுவார்கள். கொஞ்ச நாள் தரை காய்ந்து கிடக்கும். அப்புறம் அதே இடத்தில் அதே கறை.

என் காருக்கு இப்படி 2 முறை சீல் மாறியது. மூன்றாவது முறை நானே அடியில் படுத்துப் பார்த்தேன். ஷாஃப்ட்டின் முன்முனையில் இருக்கும், கவை போன்ற தலையுள்ள குழாயான யோக்கை, அது கியர்பாக்ஸுக்குள் நுழையும் இடத்துக்குப் பக்கத்தில் கையால் பிடித்து மேலும் கீழும் ஆட்டினேன். டக், டக் என்று அடித்தது. சீலின் ஓரத்தில் ஆயில் ஒரு பக்கமாகப் பிதுங்கியது கண்ணுக்கே தெரிந்தது. அதற்கு முன்னால் 2 முறையும் யாரும் இப்படி ஆட்டிப் பார்த்திருக்க மாட்டார்கள் என்றுதான் நினைக்கிறேன்.

யோக்கின் எடையைத் தாங்குவது சீல் அல்ல, அதற்கு உள்பக்கம் இருக்கும் புஷ். கியர்பாக்ஸின் வால்பக்க ஹவுசிங்கின் (வெளிக்கூட்டின்) வாயில் இறுக்கமாக அடித்து உட்கார வைத்த மெல்லிய உலோக வளையம் அது. யோக் அதற்குள் சுற்றுகிறது, பின் ஆக்ஸில் ஏறி இறங்கும்போது முன்னும் பின்னும் வழுக்குகிறது. ஆயில் படலம் நிற்க ஒரு மயிரிழை இடைவெளி வேண்டும், அவ்வளவுதான். புஷ் தேய்ந்தால் யோக் நடுவில் நிற்காது. டைரக்ட் கியரில் என்ஜின் நிமிடத்துக்கு 3000 சுற்று சுற்றினால் ஷாஃப்ட்டும் 3000 சுற்று சுற்றும், அதாவது விநாடிக்கு 50 முறை. விநாடிக்கு 50 முறை தள்ளாடும் ஒரு பரப்பை ரப்பர் உதடு எப்படி விடாமல் ஒட்டிக்கொண்டிருக்கும்? புது சீலாக இருந்தாலும் ஒரு பக்கம் நசுங்கும், மறுபக்கம் வாய் பிளக்கும். அப்படியிருக்க சீலைக் குறை சொல்வதில் நியாயமே இல்லை.

அதனால்தான் சொல்கிறேன், சீலும் புஷ்ஷும் ஒரே வேலை. சீல் மாற்றுவதற்காக ஷாஃப்ட் எப்படியும் கீழே இறங்கிவிட்டது. அந்த நேரத்தில் புஷ்ஷைப் பார்க்காமல் விடுவது பாதி வேலை.

கசிவை நிறுத்த ஆயிலோடு சேர்க்கும் ஸ்டாப் லீக் திரவத்தை ஊற்றச் சொல்பவர்களும் உண்டு. காய்ந்து கெட்டியான ரப்பரை அது கொஞ்சம் உப்ப வைக்கும், சில நாள் கசிவு குறையும். தேய்ந்த உலோகத்தை அது என்ன செய்யும்?

கழற்றுவதற்கு முன், கசிவு நிஜமாகவே அங்கிருந்துதானா என்று பாருங்கள். பல கார்களில் ஸ்பீடோமீட்டர் கேபிள் அந்த ஹவுசிங்கில்தான் நுழைகிறது. அதன் ஓ-ரிங் (ரப்பர் வளையம்) போனாலும் ஆயில் வழிந்து வந்து சீலுக்குக் கீழேதான் சொட்டும். கியர்பாக்ஸின் ப்ரீதர் (உள்காற்று வெளியேறும் சின்னத் துளை) அடைத்துக்கொண்டால், சூட்டில் உள்ளே ஏறும் அழுத்தம் நல்ல சீலையும் தாண்டி ஆயிலைத் தள்ளும். சில யோக்குகளின் முனையில் ஒரு சின்ன மூடி இருக்கும், அது தளர்ந்தால் யோக்கின் உள்ளே இருக்கும் பல்வரிசையான ஸ்ப்லைன் வழியாகவே ஆயில் வெளியே வரும். எல்லாவற்றையும் துடைத்துச் சுத்தம் செய்து, கொஞ்ச தூரம் ஓட்டிவிட்டு டார்ச் அடித்துப் பாருங்கள். அடித்தட்டில் குறுக்கு வாக்கில் ஒரு கோடாக ஆயில் தெறித்திருந்தால், சுற்றும் யோக்கிலிருந்து தெறித்தது என்று அர்த்தம்.

வேலையைப் பொறுத்தவரை, காரை ஜாக்கியை மட்டும் நம்பித் தூக்கி அடியில் போகவே போகாதீர்கள். ஸ்டாண்டு வையுங்கள், முன்சக்கரத்துக்குக் கட்டை கொடுங்கள். பின்பக்கம் உயர்ந்திருந்தால் ஆயில் முன்னால் ஓடிவிடும், ஷாஃப்ட்டை உருவும்போது முகத்தில் கொட்டாது. பின்முனையில் ஷாஃப்ட் ஃப்ளாஞ்சும் (போல்ட் போடும் தட்டு) பின் ஆக்ஸில் நடுவில் இருக்கும் டிஃபரென்ஷியலின் ஃப்ளாஞ்சும் சேரும் இடத்தில் பெயின்ட்டால் ஒரு கோடு போடுங்கள். பழையபடியே பொருத்தாவிட்டால் வண்டி அதிரக்கூடும்.

வண்டியில் இருந்தபடியே புஷ்ஷை உருவும் புல்லர் இருக்கிறது. என்னிடம் இல்லாததால் டெயில் ஹவுசிங்கையே கழற்றினேன். பழைய புஷ் வெளியே வந்ததும் உள்ளங்கையில் வைத்துத் திருப்பிப் பார்த்தேன். ஒரு பக்கம் சாம்பல் நிறத்தில் பழைய கனத்தோடு இருந்தது. எதிர்ப்பக்கம் மேல்பூச்சு முழுக்கத் தேய்ந்து, அடி உலோகம் பளபளவென்று தெரிந்தது. விரலை ஓட்டினாலே வித்தியாசம் புரிந்தது. 2 சீல்களைத் தின்றது அந்தப் பக்கம்தான்.

புது புஷ்ஷை அடிக்கும்போது ஒரு விஷயத்தை மறக்கக் கூடாது. அதில் ஆயில் போகும் துளையோ வெட்டோ இருந்தால், அது ஹவுசிங்கில் இருக்கும் வழியோடு நேராகப் பொருந்த வேண்டும். தவறினால் புஷ் காய்ந்து ஓடும், சீக்கிரமே தேயும். கோணலாக இறங்காமல் இருக்க, சரியான அளவு டிரைவரை (புஷ்ஷைத் தட்டி இறக்கும் கருவி) வைத்துக் கொஞ்சம் கொஞ்சமாகத் தட்டுங்கள்.

அப்புறம் யோக். சீல் உதடு ஓடும் தடத்தில் நகத்தை வைத்து இழுங்கள். நகம் சிக்கினால் அங்கே பள்ளம் விழுந்திருக்கிறது. லேசான கீறலை மெல்லிய எமரித் தாளால் சுற்றுவாக்கில் மட்டும் தேய்த்துப் போக்கலாம். நீளவாக்கில் தேய்த்தால் ஆயில் வெளியே வர நாமே வழி வெட்டிக் கொடுத்த மாதிரி. பள்ளம் ஆழமென்றால் மேலே மெல்லிய ஸ்லீவ் (உலோக உறை) போட வேண்டும், அல்லது வேறு யோக்.

சீலில் ஸ்பிரிங் தெரியும் பக்கம் உள்ளே போக வேண்டும். உதட்டில் கிரீஸ் தடவிவிட்டு, சுற்றிலும் சமமாகத் தட்டி இறக்குங்கள்.

புஷ் ஏன் தேய்ந்தது என்பதையும் விடாதீர்கள். என் காரில் யோக்கையும் ஷாஃப்ட்டையும் இணைத்து மடங்க விடும் கிராஸ் ஜாயிண்ட் ஒரு பக்கம் இறுகிப்போயிருந்தது, கையால் மடக்கினால் நடுவில் பிடித்துப் பிடித்து நின்றது. அதோடு ஓட்டினால் அந்த உதறல் எல்லாம் புஷ்மேல்தான் விழும். கிராஸையும் மாற்றினேன், கியர் ஆயிலை ஃபில்லர் ஓட்டையின் விளிம்பு வரை நிரப்பினேன்.

மெக்கானிக் நண்பர்களிடம் ஒன்று கேட்கிறேன். உங்கள் அவசரம் எனக்குப் புரிகிறது, வாசலில் அடுத்த வண்டி நிற்கும். ஆனாலும் புது சீல் பாக்கெட்டைப் பிரிப்பதற்கு முன் வண்டிக்காரரைக் கூப்பிட்டு, அந்த யோக்கை அவர் கையாலேயே ஒரு முறை ஆட்டிப் பார்க்கச் சொல்லுங்கள். புஷ்ஷும் மாற்ற வேண்டும் என்று நீங்கள் சொன்னால் அதற்கப்புறம் யாரும் மறுக்க மாட்டார்கள்.