பூனையை முதலில் பார்த்தது மகள்தான்
பத்து வயதுக்குள் இருக்கும் பிள்ளைகளைப் பழைய சிற்பங்கள் பார்க்கக் கூட்டிப்போவது வீண், ஒன்றும் புரியாது என்கிறது நான் படித்த ஒரு கட்டுரை. எனக்கு அப்படித் தோன்றவில்லை. மாமல்லபுரத்தில் அர்ச்சுனன் தபசு என்ற பெரிய பாறைச் சிற்பத்தின் முன்னால் நின்று, தவம் செய்வது அர்ச்சுனனா பகீரதனா என்று நாங்கள் வாதாடிக்கொண்டிருந்தபோது, ஆறு வயது மகள் யானைக்குப் பக்கத்தில் முன்னங்கால்களைத் தலைக்கு மேல் தூக்கித் தவம் செய்யும் பூனையையும் அதைக் கும்பிடும் எலிகளையும் கண்டுபிடித்து, "இந்தப் பூனை சும்மா நடிக்குதுப்பா" என்றாள். தவம் செய்வதுபோல நடித்து எலிகளை ஏமாற்றித் தின்னும் பூனையின் கதையே அதுதானே! அந்தக் கட்டுரைக்குக் கருத்து எழுதிய ஒருவர் கைடு வைத்துக்கொள்ளச் சொல்கிறார், சரி, ஆனால் எங்கள் கைடு பல்லவர் வரலாற்றை முடிப்பதற்குள் அவள் பேன் பார்க்கும் குரங்குச் சிலையிடம் ஓடிவிட்டாள். அப்புறம், 15 வயது வரை நுழைவுக் கட்டணமும் கிடையாது.