நட்சத்திர ஓட்டலில் எல்லாம் கிடைக்கும், தூக்கம் தவிர

"உனக்கென்ன, ஊர் ஊராகச் சுற்றுகிறாய், ஓட்டல் செலவும் கம்பெனியே கொடுத்துவிடுகிறது" என்று சொல்லாத உறவினரே எனக்கு இல்லை. முதலில் விளக்கம் சொல்லிப் பார்த்தேன். இப்போதெல்லாம் சிரித்துவிட்டு நகர்ந்துவிடுகிறேன். ஒரு தடவை எழுதி வைத்துவிட்டால் அடுத்து யாராவது கேட்கும்போது இந்தப் பதிவையே அனுப்பிவிடலாம் அல்லவா, அதற்காகத்தான் இது.

நான் கேபின் க்ரூ, அதாவது விமானத்துக்குள் பயணிகளைக் கவனிக்கும் பணியாளர். எங்களுக்கு லேஓவர், அதாவது ஒரு விமானத்தில் வந்து இறங்கி அடுத்த விமானம் ஏறும் வரை வெளியூரில் தங்குவது, முதலில் தூங்குவதற்கான நேரம். ஊர் பார்ப்பதெல்லாம் அதில் மிச்சம் இருந்தால்தான். ஒரு பெரிய பயணிகள் விமானத்துக்கு அனுமதி வாங்கும்போது, கதவுகளில் பாதியை மட்டும் வைத்துக்கொண்டு 90 விநாடிக்குள் எல்லோரும் வெளியேறிவிட முடியும் என்று காட்ட வேண்டும். கதவைத் திறந்து, கத்தி, ஆட்களை விரட்டி இறக்கத் தூங்கித் தெளிந்த ஆள் இருந்தால்தான் அந்தக் கணக்கு சரிவரும். அந்த ஆள் நாங்கள்தான். காபி கொடுப்பது மற்ற நேரத்து வேலை.

ஓய்வுக்கு விதிகள் இல்லாமல் இல்லை. அமெரிக்காவில் கேபின் க்ரூவுக்கு இரண்டு ட்யூட்டிக்கு நடுவே 10 மணி நேர ஓய்வு வேண்டும் என்று 2018-இல் சட்டம் சொன்னது. அது விதியாக வெளிவர 2022 ஆகிவிட்டது. ஐரோப்பிய விதி இன்னும் கொஞ்சம் உள்ளே போகிறது. வெளியூரில் குறைந்தது 10 மணி நேர ஓய்வு, போக வரவும் குளிக்கச் சாப்பிடவும் ஆகும் நேரம் போகத் தூங்க 8 மணி நேரம். தங்கும் இடம் எப்படி இருக்க வேண்டும் என்றும் எழுதியிருக்கிறார்கள்: ஆளுக்குத் தனி அறை, அமைதியான சூழல், கட்டில், போதிய காற்றோட்டம், குளிரையும் வெளிச்சத்தையும் கூட்டிக் குறைக்க வசதி, சாப்பிடக் குடிக்க ஏதாவது. படிக்கும்போது மனம் குளிர்ந்துவிடும். அப்புறம் அறைக்குள் போய்ப் பாருங்கள்.

முதலில் ஏசி. மின்சாரம் மிச்சம் பிடிக்கிறேன் என்று இப்போது பல ஓட்டல்களில் ஆள் அசைவைக் கண்டுபிடிக்கும் சென்சார் வைத்துவிட்டார்கள். அசைவு இருந்தால் ஓடும், இல்லையென்றால் அறை காலி என்று நினைத்து நின்றுவிடும். தூங்குகிறவன் அசைய மாட்டான் என்பது இதைக் கண்டுபிடித்தவருக்குத் தோன்றவே இல்லையா? வியர்த்து விழித்து, இருட்டில் எழுந்து உட்கார்ந்து, சுவரைப் பார்த்து இரண்டு கையையும் ஆட்ட வேண்டும். அவசரக் கதவுகள் எங்கே என்று பயணிகளுக்குக் காட்டுவேனே, அதே கை வீச்சு. பயணிகளாவது சில பேர் கவனிப்பதில்லை, சென்சார் உடனே கவனித்துவிடுகிறது என்பது ஒரு ஆறுதல்.

வெளிச்சம் அடுத்த தலைவலி. இரவு முழுக்கப் பறந்துவிட்டுக் காலையில் அறைக்கு வருகிறோம். விடியற்காலை 2 முதல் 6 வரை உடம்பு தானாகவே அடங்கிக் கிடக்கும் நேரம், அந்த நேரத்தில் நின்றுகொண்டு வேலை பார்த்திருப்போம். வெயில் ஏறிய பிறகு உடம்பு விழிக்கப் பார்க்கும், அதை ஏமாற்றித்தான் தூங்க வைக்க வேண்டும். அதற்கு இருட்டு வேண்டும். கனத்த திரைச்சீலை இருக்கும், ஆனால் இரண்டு பக்கமும் நடுவில் சேராது. அந்த விரல் அகல இடைவெளியில் வரும் வெயில் எங்கும் போகாமல் நேராகக் கண்ணில்தான் விழும். அலமாரியில் கால்சட்டை மாட்ட க்ளிப் வைத்த ஹேங்கர் இருந்தால் அதை எடுத்துத் திரைச்சீலையைச் சேர்த்துக் கடித்துவிடுவோம். இல்லையென்றால் தலைமுடி க்ளிப். கதவடியில் சுருட்டிய துண்டு. டிவியின் சிவப்பு விளக்கு மேல் தொப்பி. முந்தைய விருந்தாளி வைத்துவிட்டுப் போன அலாரம் இருக்கிறதா என்றும் கடிகாரத்தைப் பார்த்துவிட வேண்டும், அதை மறந்த க்ரூ இரண்டாம் தடவை மறக்க மாட்டார்.

இவ்வளவும் முடித்துக் கண் சொக்கும்போது கதவு தட்டப்படும். "ஹவுஸ்கீப்பிங்!"

தொந்தரவு செய்யாதீர்கள் என்ற அட்டை வெளியே தொங்கிக்கொண்டுதான் இருக்கும். அட்டை இருப்பதைப் பார்த்துவிட்டு, உள்ளே ஆள் இருக்கிறதா என்று அறைக்குப் போன் போட்டுக் கேட்டவர்களும் உண்டு. அந்தப் பெண்கள் மேல் எனக்குக் கோபம் இல்லை. இத்தனை மணிக்குள் இத்தனை அறை என்று அவர்கள் தலைக்கு மேல் ஒரு கணக்கு தொங்குகிறது. என் கோபம், பகலில் தூங்க வந்த ஒரு கூட்டத்தை லிப்டுக்குப் பக்கத்து அறைகளில் போட்டுவிட்டு, அதே மாடியில் காலை பத்து மணிக்கு வேக்குவம் போடச் சொல்கிற ஏற்பாட்டின் மேல்தான்.

புது இடத்தில் முதல் இரவு சரியாகத் தூக்கம் வராது என்பது எல்லோருக்கும் தெரிந்ததுதான். அமெரிக்காவின் பிரவுன் பல்கலைக்கழக ஆராய்ச்சியாளர்கள் 2016-இல் இதை மூளைக்குள்ளேயே பார்த்தார்கள். முதல் இரவில் ஆழ்ந்த தூக்கத்திலும் மூளையின் இடது பாதி முழுசாக அடங்குவதில்லை, ஏதாவது சத்தம் கேட்டால் பிடித்துக்கொள்ளக் காத்திருக்கிறது என்றார்கள். மற்றவர்களுக்கு இது விடுமுறையின் முதல் நாள் பிரச்சினை. எங்கள் ரோஸ்டரில், அதாவது பணி அட்டவணையில், பெரும்பாலும் எல்லா இரவும் முதல் இரவுதான்.

பெண்களுக்குக் கூடுதலாக ஒன்று உண்டு. ரிசப்ஷனில் சாவி கொடுக்கும்போது அறை எண்ணை வரவேற்பறை முழுக்கக் கேட்கிற மாதிரி சொல்லாதீர்கள். அட்டையில் எழுதிக் கொடுங்கள், போதும். தனியாகத் தங்கும் பெண் கதவைப் பெட்டியால் முட்டுக் கொடுத்துத் திறந்து வைத்துவிட்டு, குளியலறை, அலமாரி, திரைச்சீலைக்குப் பின்னால் எல்லாம் பார்த்த பிறகுதான் கதவைச் சாத்துகிறாள். இதைக் கேட்டுச் சிரிக்கிறவர்கள் எண் சத்தமாகச் சொல்லப்பட்ட அறையில் தனியாகப் படுத்துப் பார்க்கட்டும்.

ஷவரைப் பற்றி விரிவாக எழுதினால் பதிவு முடியாது. எந்தப் பக்கம் திருப்பினால் வெந்நீர் என்பதை ஒவ்வொரு ஓட்டலும் ரகசியமாக வைத்திருக்கிறது. காலை உணவு ஆறரைக்கு ஆரம்பம், எங்கள் வேன் நாலரைக்கு, அதையும் விட்டுவிடுவோம்.

குறையே சொல்கிறேன் என்று நினைக்காதீர்கள். நல்ல ஓட்டல்களும் பார்த்திருக்கிறேன். க்ரூவுக்கென்று லிப்டிலிருந்து தள்ளி ஒரு பகுதி, மதியம் வரை அந்தப் பக்கம் யாரும் துடைப்பத்தோடு வருவதில்லை, நாங்கள் இறங்கும் முன்பே சாவிகள் உறையில் தயார். இதற்குப் பெரிய செலவு எதுவும் இல்லை, யாராவது யோசித்திருக்க வேண்டும், அவ்வளவுதான்.

ஆனால் ஓட்டலைத் தேர்வு செய்கிறவர்கள் பட்டப்பகலில் வந்து, வரவேற்பறையைப் பார்த்து, நீச்சல் குளத்தைப் பார்த்து, நல்ல சாப்பாடு சாப்பிட்டுவிட்டுப் போகிறார்கள். எங்களில் யாரும் அந்தக் குளத்தில் இறங்கியதாக நினைவில்லை. அடுத்த ஒப்பந்தத்தில் கையெழுத்துப் போடும் முன் ஒன்று செய்யட்டும். ஒரு இரவு முழுக்க விழித்திருந்துவிட்டு, காலை ஒன்பது மணிக்கு லிப்டுக்குப் பக்கத்து அறையில் படுக்கட்டும். மாலையில் எழுந்து வந்து, அந்த அமைதியான சூழல் எப்படி இருந்தது என்று எங்களுக்கும் சொல்லட்டும்.